பெரியநாயகிக்குத் தமிழ் தெரியும்!

சிதம்பரம் என்றால் சிலருக்கு நடராசர் நினைவு. சிலருக்கு நந்தன் நினைவு. ஏசு சபை நினைவு யாருக்கு வரப்போகிறது? ஆயினும் அச்சபையின் வரலாற்றில் சிதம்பரத்துக்கு ஓர் இடமுண்டு. கடலூர் மாவட்டத்திலேயே உள்ள கோணான்குப்பத்துக்கோ அதனினும் பெரிய இடமுண்டு.

1597ஆம் ஆண்டு. செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் தில்லைக் கோயிலுக்குள் கோவிந்தராசர் சந்நிதித் திருப்பணியில் முனைந்திருந்தார். சிவன் கோயிலில் பெருமாளுக்குத் திருப்பணியா என்று கொதித்தனர் தீட்சிதர்கள். கோபுரத்திலேறி விழுந்து சாவோம் என்றனர். நாயக்கர் அசையவில்லை. விழுந்தனர்! சுமார் 20 பேர் மாண்டனர். எஞ்சியவர்களைச் சுடச் சொன்னார் மன்னர். அரியா, அரனா என்ற வழக்குக்குக் கொடுத்த விலை, மனித உயிர்!

தலபுராணம் பாடுவோர் இதைப் பாடுவதில்லை. நமக்குச் சொன்னவர், அந்நாளில் அங்கு வந்திருந்த நிக்கோலாஸ் பிமெண்டா என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார். ஏசு சபையின் பணிகளைப் பார்வையிட வந்தவர். பார்த்தார், மாதாகோயில் கட்ட நாயக்கரிடம் அனுமதி பெற்றார், கடிதம் எழுதினார், போனார். அவ்வளவுதான்.

அடுத்து வந்தவர்கள் அப்படிப் போய்விடவில்லை. 1606இல் மதுரைக்கு வந்த நோபிலி தமிழ் கற்றார், உரைநடை எழுதினார், பாராட்டுவோம். ஆனால், பூணூலும் அணிந்தார்! உயர்சாதிக்கு ஒரு சாமியார், மற்றவர்க்குப் பண்டாரசாமி என்று சபையே பிரித்து வைத்தது. சாதியை ஒழிக்க வந்த மதம் சாதியிடம் சலுகை கேட்டு நின்ற கதை இது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

வீரமாமுனிவர் கதை வேறு. இத்தாலியில் 1680இல் பிறந்த பெஸ்கி, விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பினார். முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் துணைநின்றார் என்பர் அவ்வூரார். மாதாவுக்கு அவர் இட்ட பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்துக் கோயில் அம்மைக்கும் அதே பெயர்தான்! கன்னி மரியாள் தமிழ்ப் பெண்ணாகச் சேலையுடுத்தி நிற்கிறாள்.

சூசையப்பருக்கு 3,615 பாடல்களில் தேம்பாவணி தந்தார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்காக வகுத்து 1732இல் சதுரகராதி தந்தார். குறளின் அறத்தையும் பொருளையும் இலத்தீனுக்குக் கொண்டுபோனார். ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும். குத்தாவிட்டால் 'கெ'யா 'கே'யா தெரியாது. கொம்பைச் சுழித்துக் குழப்பத்தைத் தீர்த்தவரும் அவரே என்பர். எழுத்தைத் தொட்டாலே தமிழ் தீட்டாகிவிடும் என்று பதறும் பண்டிதர்கள், தாங்கள் எழுதும் ஒவ்வொரு 'கே'யிலும் அந்தப் பாதிரியின் கைச்சுழி இருப்பதை அறிவார்களா?

அண்ணா முதல்வராயிருந்த 1968இல், இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டின்போது, சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைத்தோம். மதத்துக்கு வைத்த சிலையன்று அது, தமிழுக்கு வைத்தது.

இனித் தில்லைக்குத் திரும்புவோம். தேவார ஓலைகள் அடைபட்டுக் கிடந்து மீண்டதாகச் சொல்லப்படும் கோயில் அது. அங்கே, திருச்சிற்றம்பல மேடையில் தேவாரம் பாட 2008இல் கலைஞர் அரசு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது. தீட்சிதர்கள் எதிர்த்தனர், காவலர் துணையோடுதான் பாட முடிந்தது. இத்தாலிக்காரர் எழுப்பிய கோணான்குப்பத்துக் கோயிலில் பெரியநாயகியிடம் தமிழில் பேச, எந்த ஆணையும் எவரும் கேட்டதில்லை.