வில்லா, வுட்டா? கம்ப்யூட்டர் காட்டிக் கொடுக்காத தவறு

மின்னஞ்சலை எழுதி முடிக்கிறீர்கள். எழுத்துப் பிழைக்கு விழும் சிவப்புக் கோடு இல்லை. இலக்கணத்துக்கு வேர்டு போடும் நீலக் கோடும் இல்லை. நம்பிக்கையோடு அனுப்பி விடுகிறீர்கள். நானும் அப்படித்தான் அனுப்பினேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு, 'ஐ வுட் ஃபினிஷ் இட் டுமாரோ' என்று எழுதினேன். நாளை முடித்து விடுகிறேன் என்பது என் எண்ணம். 'இஃப் வாட்?' என்று பதில் வந்தது. அதாவது, எது நடந்தால் முடிப்பீர்கள் என்று கேட்கிறார்! அங்கே பகல் என்றால் இங்கே இரவு. விளக்கம் சொல்வதற்குள் ஒரு நாள் போய் விட்டது.

உறுதியாகச் செய்யப் போவதற்கு 'வில்'தான் போட வேண்டும். இப்படி 'வுட்' போட்டால், ஏதோ ஒரு நிபந்தனை இருப்பது போல் ஆகிவிடும். 'வுட்' மரியாதையானது என்று நாம் நினைப்பதுதான் சிக்கல். 'வுட் யூ ஹெல்ப் மீ?' என்று அடுத்தவரிடம் கேட்கும்போது அது மரியாதை. நாம் வாக்குக் கொடுக்கும்போது அது மழுப்பல். வாக்கியம் இலக்கணப்படி சரியாகவே இருப்பதால் சாஃப்ட்வேரும் அதன் மேல் கோடு போடவில்லை.

பருத்திப்பட்டில் எங்கள் தெருப் பையன்கள் வேலைக்கான விண்ணப்பங்களை என்னிடம் காட்டுவார்கள். அவற்றில் நான் அதிகம் திருத்துவது 'டிட் நாட் கேம்' வகைத் தவறு. இதற்குத் தமிழிலேயே மருந்து இருக்கிறது. 'வந்தவில்லை' என்று யாராவது சொல்கிறோமா? 'வரவில்லை' என்கிறோம். அந்த 'வர'வில் காலம் கிடையாது. அதே போல, இறந்த காலத்தை 'டிட்' ஏற்கெனவே சுமந்து விட்டது. பிறகு 'கம்' மட்டும் போதும்.

கம்ப்யூட்டர் துறையில் இந்தத் துணை வினைகளுக்கு எழுதி வைத்த விதியே உண்டு. வெவ்வேறு கம்பெனிகள் எழுதும் புரோகிராம்கள் இன்டர்நெட்டில் ஒன்றோடு ஒன்று பேச வேண்டும். ஒருவர் கட்டாயம் என்று படித்ததை இன்னொருவர் விருப்பம் என்று படித்தால் இணைப்பே கிடைக்காது. எனவே 1997 மார்ச்சில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஸ்காட் பிராட்னர் எழுதிய ஆர்.எஃப்.சி. 2119 என்ற ஆவணம் இவற்றுக்குப் பொருள் வரையறுத்தது. 'மஸ்ட்' என்றால் கட்டாயம். 'ஷுட்' என்றால், தகுந்த காரணம் இருந்து, விளைவையும் புரிந்து கொண்டால் விலகலாம். 'மே' என்றால் அவரவர் விருப்பம். பெரிய எழுத்துக்களில் இருந்தால் மட்டுமே இந்தச் சிறப்புப் பொருள் என்று 2017ல் ஆர்.எஃப்.சி. 8174 தெளிவுபடுத்தியது.

ஆவணத்தில் நல்ல பிள்ளையான இந்த 'மஸ்ட்', மேலதிகாரிக்கு எழுதும் மின்னஞ்சலில் அதட்டலாகி விடும். 'யூ மஸ்ட் ரிப்ளை டுடே' என்று எழுதாதீர்கள். 'குட் யூ ப்ளீஸ் ரிப்ளை டுடே?' என்று கேளுங்கள்.

இப்போதெல்லாம் அனுப்பும் முன் கண்ட்ரோல், எஃப் கீகளைச் சேர்த்து அழுத்தி 'வுட்' என்று தேடுகிறேன். கேள்வியாக இருந்தால் விட்டு விடுவேன். வாக்குறுதியாக இருந்தால் பக்கத்தில் ஒரு 'இஃப்' சேர்த்துப் படிப்பேன். பொருந்தவில்லையா, 'வில்' என்று மாற்றி விடுவேன்.