பைபர் சாமான்: தடிப்பை மட்டும் கேட்டால் போதாது

ஹாட்வெயார் வியாபாரத்தில் இருப்போர் இரும்பை எடை பார்த்து வாங்கிப் பழகியவர்கள். அதே பழக்கத்தில் பைபர் சாமானையும் வாங்குகிறார்கள். ஏணியோ, தண்ணீர்த் தாங்கியோ, படகோ, "எத்தனை மில்லி மீட்டர்?" என்பதுதான் முதற் கேள்வி. நான் கேட்கச் சொல்வது வேறொன்று: உள்ளே நார் எந்தப் பக்கமாக ஓடுகிறது?

இரும்புத் தகட்டுக்கு இந்தக் கேள்வி தேவையில்லை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏறத்தாழ ஒரே பலம்தான். பிளாஸ்டிக்கும் பெரும்பாலும் அப்படியே. பைபரோ இரண்டு பொருள்களின் கூட்டு. பாரத்தைத் தாங்குவது கண்ணாடி நார்; நாரைப் பிடித்து வைத்திருப்பது ரெசின். விறகை நீளவாட்டில் பிளப்பது இலகு, குறுக்கே வெட்டுவது கடினம் அல்லவா? அதே கதைதான்.

சாதாரண உருக்கு ஒரு சதுர மில்லி மீட்டருக்குச் சுமார் 40 கிலோ இழுவையைத் தாங்கும். நார் முழுவதும் ஒரே திசையில் அடுக்கப்பட்ட பைபர், நாரின் வழியே இழுத்தால் 100 கிலோ அளவில் தாங்கும். எடையோ உருக்கின் கால்வாசி. அதையே குறுக்கே இழுத்தால் 5 கிலோவைத் தாண்டுவதே பெரும்பாடு. அங்கே தாங்குவது வெறும் ரெசின். ஒரே துண்டு, ஒரே தடிப்பு, ஒரே விலை. பலத்தில் இருபது மடங்கு வித்தியாசம்!

ஏணியின் கால், தூண்டில் தடி போன்றவற்றில் நார் நீளவாட்டில் ஓடுவது சரியே. பாரம் வருவதும் அந்த வழிதான். ஆனால் அந்தக் காலில் நினைத்த இடத்தில் துளையிட்டு ஆணி முடுக்கினால் விறகு போலப் பிளக்கும். படகுக்குப் பல திசையிலும் அடி விழும். ஆகவே துண்டு நார்களைச் சிதறவிட்ட 'மெட்' ஒரு படை, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய 'ரோவிங்' ஒரு படை என்று மாறி மாறி வைப்பார்கள். ரோவிங் விலை கூட. செலவைக் குறைக்க மெட்டையும் ரெசினையும் மட்டும் ஏற்றினாலும் தடிப்பு வந்துவிடும், பலம் வராது. 2004 சுனாமிக்குப் பின் அவசரத்தில் கட்டிய பைபர் படகுகளில் கடலுக்குத் தகாதவையும் இருந்தன. கடலுக்குப் போகிறவனின் உயிர் அந்தப் படைகளில்தான் இருக்கிறது.

பைபர் எல்லாவற்றிலும் இரும்பை வென்றுவிடும் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பாதீர்கள். அது துருப்பிடிக்காது, உண்மை. ஆனால் இரும்பைவிட அதிகம் வளைந்து கொடுக்கும். பைபர் ஏணி அலுமினிய ஏணியை விடப் பாரம்கூட. மின்சாரம் பாயாது என்பதற்காகவே மின் வேலைக்காரர் அதை வாங்குகிறார்கள். இரும்பு நெளிந்து எச்சரிக்கும். பைபர் உள்ளே படை விலகியிருந்தாலும் வெளியே பெயின்ட் பளபளக்கும். பழைய இரும்புக்கும் பிளாஸ்டிக்குக்கும் விலை உண்டு. இந்த ரெசினை மீண்டும் உருக்க முடியாது, எனவே பழைய பைபரை எடுப்பார் இல்லை. விலை பேசும்போது இதையும் கணக்கில் எடுங்கள்.

மொத்தமாக ஓடர் கொடுக்கும் முன், அதே சாமானில் வெட்டிய ஒரு சிறு துண்டைக் கேட்டு வாங்குங்கள். வெளியில், காற்றோட்டமான இடத்தில், புகைக்கு எட்ட நின்று எரியுங்கள். ரெசின் எரிந்து போகும்; கண்ணாடி நார் எஞ்சும். ஆறியபின் கையுறை போட்டுப் படை படையாகப் பிரித்தால் எத்தனை மெட், எத்தனை ரோவிங், நார் எந்தத் திசை என்பது கண்ணுக்கே தெரியும். துண்டு தர மறுப்பவரிடம் நான் என்றால் வாங்கமாட்டேன்.