டாங்கோவுக்கு இருவர் வேண்டும்

கூட்டணிப் பேச்சு முறிந்தாலும் சரி, குடும்பச் சண்டை முற்றினாலும் சரி, ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் வந்து விழும்: ‘இட் டேக்ஸ் டூ டு டாங்கோ’. டாங்கோ ஆட இருவர் வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று நாம் சொல்கிறோமே, அதேதான்.

இது பழங்காலச் சொலவடை போலத் தோன்றும். உண்மையில் ஒரு பாட்டின் வழியாகப் பரவியது. அல் ஹாஃப்மன், டிக் மானிங் இருவரும் எழுதிய அந்தப் பாட்டை 1952இல் பேர்ல் பெய்லி பாட, அமெரிக்கா முழுக்க முணுமுணுத்தது. 1982 நவம்பரில் சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் இறந்த சமயம், அந்நாட்டுடனான உறவைப் பற்றி அமெரிக்க அதிபர் ரீகன் இதே வாக்கியத்தைச் சொன்னார்.

நடனம் அதைவிட மூத்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ், உருகுவேயின் மொண்டெவிடியோ ஆகிய துறைமுக நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் அது உருவானது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் தாளமும், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பிழைக்க வந்தவர்களின் இசையும் அங்கே கலந்தன. முதல் உலகப் போருக்கு முன்பே பாரிஸ் அதில் மயங்கிவிட்டது. 2009இல் யுனெஸ்கோ அதைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இருவர் ஆடும் நடனங்கள் எத்தனையோ இருக்க, டாங்கோ மட்டும் ஏன் இந்த வாக்கியத்துக்கு இவ்வளவு பொருத்தம்? சமூகக் கூடங்களில் ஆடும் டாங்கோவில் மனப்பாட அடவு கிடையாது. அடுத்த அடி அந்தக் கணத்தில்தான் முடிவாகும். இருவரில் நடத்துபவர் இடக்காலை முன்வைக்க வேண்டுமா? மார்பைச் சற்றே முன்னே நகர்த்துவார். தழுவலின் வழியே அதை உணர்ந்து இணை வலக்காலைப் பின்னே எடுப்பார். அதற்கு இணையின் உடல் எடை இடக்காலில் இருந்தாக வேண்டும். வலக்காலில் இருந்தால் அடி நகராது, கால் மிதிபடும். ஆகவே நடத்துபவரும் ஒவ்வோர் அடியிலும் இணையைக் கவனித்தே ஆக வேண்டும்.

ஆட அழைப்பதிலும் இதே முறைதான். கூடத்தின் மறுகோடியில் இருப்பவரின் கண்ணைப் பார்த்து லேசாகத் தலையசைப்பார்கள். இதற்கு ‘கபெசெயோ’ என்று பெயர். விருப்பமிருந்தால் பதிலுக்குத் தலையசைப்பு வரும், இல்லையென்றால் பார்வை விலகும். வாய்விட்டு மறுக்கும் சங்கடமே இல்லை.

அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒரே தட்டில் வைத்து இந்த வாக்கியத்தைச் சொல்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். டாங்கோவுக்கு இருவர் போதாது. இருவரின் சம்மதமும் வேண்டும்.