தமிழ்வழிக் கற்றோரின் ஆங்கிலத் தகுதித் தேர்வுப் பயிற்சி: இலக்கணம், சொல்வளம், வாசிப்பு

ஆய்வுச்சுருக்கம்

உயர்கல்விக்கும் பணிக்கும் அயல்நாடு செல்ல விழையும் தமிழ்வழி மாணவர்கள் ஆங்கிலத் தகுதித் தேர்வுகளுக்கு இலக்கணம், சொல்வளம், வாசிப்பு ஆகியவற்றைத் தனித்தனியே பயில்கின்றனர். தேர்வின் வாசிப்புப் பகுதியோ இம்மூன்றையும் ஒருசேரச் சோதிக்கிறது. தமிழ், ஆங்கிலத் தொடரமைப்புகளை ஒப்பிட்டு இடர்ப்பாடு தோன்றும் இடங்களை இக்கட்டுரை இனங்காண்கிறது. தமிழ் இலக்கண அறிவு ஆங்கிலப் பயிற்சிக்குத் தடையன்று, துணையே என்பதையும் விளக்குகிறது.

முதன்மைச் சொற்கள்: ஒப்பீட்டு இலக்கணம், பெயரெச்சம், வேற்றுமை உருபு, சொற்குடும்பம், வாசிப்பு வேகம், பிழைப் பகுப்பாய்வு.

முன்னுரை

ஒரு மொழியைக் கற்பதும் அம்மொழியில் தேர்வு எழுதுவதும் ஒன்றல்ல. 1989 முதல் நடைபெற்றுவரும் ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் ஆகிய நான்கு திறன்களை அளவிடுகிறது. இதில் இலக்கணத்திற்கெனத் தனித்தாள் கிடையாது. எழுதுதல், பேசுதல் ஆகிய பகுதிகளில் மதிப்பிடப்படும் நான்கு கூறுகளுள் இலக்கணம் ஒன்று, சொல்வளம் மற்றொன்று. வாசித்தல் பகுதியில் இவ்விரண்டும் வெளிப்படையாகக் கேட்கப்படுவதில்லை. எனினும் விடை சரியாவதும் பிழையாவதும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன. மதிப்பெண் அரைப்புள்ளி அளவில் கணக்கிடப்படுவதால், ஒருசில வினாக்களில் நேரும் பிழை ஒரு மாணவரின் சேர்க்கை வாய்ப்பையே மாற்றிவிடக்கூடும். ஆகவே, பிழை எங்கிருந்து பிறக்கிறது என அறிவது இன்றியமையாததாகிறது.

இலக்கணம்: வேறுபாடும் ஒற்றுமையும்

தாய்மொழியோடு ஒத்த கூறுகள் கற்பதற்கு எளியன, வேறுபட்டவை அரியன என்னும் கருத்தை இராபர்ட் லேடோ 1957இல் முன்வைத்தார். கற்போரின் பிழைகள் களையப்பட வேண்டியவை மட்டுமல்ல, கற்றல் நிகழும் முறையைக் காட்டும் சான்றுகளும் ஆகும் என்பதைப் பிட் கார்டர் 1967இல் எடுத்துரைத்தார். இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கினால் தமிழ் மாணவரின் இடர்ப்பாடுகள் தெளிவாகும்.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லின் முன் வரும் 'எ', 'தி' ஆகிய சுட்டடைகள் தமிழில் இல்லை எனப் பொதுவாகக் கூறப்படுகிறது. சொல் இல்லை என்பது உண்மை. பொருள் வேறுபாடு இல்லை என்பது உண்மையன்று. 'அவன் புத்தகம் வாங்கினான்' என்னும் தொடரில் இரண்டாம் வேற்றுமை உருபு மறைந்துள்ளது. இக்கால வழக்கில் அது ஏதோ ஒரு புத்தகத்தைக் குறிக்கும். 'அவன் புத்தகத்தை வாங்கினான்' என உருபு விரிந்து வரும்போது, கேட்போர் முன்பே அறிந்த குறிப்பிட்ட புத்தகம் சுட்டப்படுகிறது. முன்னது 'எ புக்'. பின்னது 'தி புக்'. இவ்வொப்புமை அஃறிணைச் செயப்படுபொருளுக்கே பெரிதும் பொருந்தும், எழுவாய்க்குப் பொருந்தாது. ஆயினும், விதிகளை மனப்பாடம் செய்யும் முன் இவ்வேறுபாட்டை உணர்த்தினால் மாணவர் தாம் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்க இயலும்.

ஒற்றுமை போலத் தோன்றுவதும் பிழைக்கு வழிவகுக்கும். 'நேற்று வந்திருக்கிறான்' என்பது தமிழில் இயல்பான தொடர். அதனை அவ்வாறே பெயர்த்து 'ஹி ஹேஸ் கம் யெஸ்டர்டே' என எழுதினால் பிழையாகும். முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லோடு அவ்வினைவடிவம் ஆங்கிலத்தில் சேராது.

வாசிப்பில் பெரிதும் இடர் தருவது பெயரெச்ச அமைப்பாகும். 'மருத்துவர் குழந்தைக்குக் கொடுத்த மருந்து பழையது' என்னும் தொடரில் அடை முழுவதும் பெயருக்கு முன் வந்து, பெயரும் பயனிலையும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆங்கிலத்தில் 'தி மெடிசின் விச் தி டாக்டர் கேவ் தி சைல்ட் வாஸ் ஓல்ட்' என அடை பெயருக்குப் பின் வந்து, எழுவாயையும் பயனிலையும் பிரிக்கிறது. விரைந்து படிப்பவர் பயனிலையை அதற்கு அண்மையிலுள்ள 'சைல்ட்' என்பதோடு இணைத்துப் பொருள் மயங்க நேரும். சொற்கள் அனைத்தும் தெரிந்திருந்தும் விடை தவறுவதற்கு இதுவே காரணம். ஆதலால், நீண்ட தொடர்களில் முதலில் முற்றுவினையையும் அதற்குரிய எழுவாயையும் அடிக்கோடிட்டுக் காணும் பயிற்சி வேண்டும்.

சொல்வளம்: பட்டியலும் பயன்பாடும்

1953இல் மைக்கேல் வெஸ்ட் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல் ஏறத்தாழ 2000 சொற்குடும்பங்களைக் கொண்டது. அதனைக் கடந்து, கல்விசார் நூல்களில் மிகுதியாக வரும் 570 சொற்குடும்பங்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000இல் தொகுத்தார். கல்விசார் நூல்களின் சொற்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு இப்பட்டியலில் அடங்கும். அகராதியை அகர வரிசையில் மனனம் செய்வதைவிட இப்பட்டியலிலிருந்து தொடங்குவது பயனுடையது.

சொற்குடும்பம் என்னும் கருத்து தமிழ் மாணவருக்குப் புதிதன்று. பகுபத உறுப்பிலக்கணத்தில் பகுதி, விகுதி பிரித்துப் பழகியவர் ஆங்கிலச் சொற்களையும் அவ்வாறே பிரிக்கக் கற்கலாம். ஆயினும் விகுதி மாறினால் பொருளும் மாறும் இடங்களை அறிதல் வேண்டும். 'எகனாமிக்' என்பது பொருளாதாரம் சார்ந்தது. 'எகனாமிக்கல்' என்பது சிக்கனமானது.

தமிழ் வழக்கில் கலந்துவிட்ட ஆங்கிலச் சொற்களும் கவனத்திற்குரியன. தமிழகத்தில் 'ஹோட்டல்' என்றால் பெரும்பாலும் உணவகம். தேர்வுப் பகுதியில் அது தங்கும் விடுதி. 'டவுட்' என்பதை இங்குக் கேள்வி என்னும் பொருளில் ஆள்கின்றனர். அங்கு அது ஐயப்பாட்டையும் நம்பாமையையும் குறிக்கும். தெரிந்த சொல் எனக் கடந்துசெல்வதால், தெரியாத சொல்லைவிட இத்தகைய சொல்லே மிகுதியாக ஏமாற்றும்.

மேலும், வினாக்கள் பெரும்பாலும் பத்தியிலுள்ள சொல்லையே பயன்படுத்துவதில்லை. அதே கருத்தை வேறு சொற்களால் கூறுகின்றன. எனவே, ஒரு சொல்லுக்கு ஒரு தமிழ்ப்பொருள் என எழுதும் குறிப்பேடு போதாது. சொல் வந்த தொடர், அதனோடு இணைந்து வரும் சொற்கள், அதற்கு ஈடாக வரக்கூடிய தொடர் ஆகிய மூன்றையும் குறித்தல் வேண்டும்.

வாசிப்பு: காலமும் தருக்கமும்

கல்விப் பிரிவினருக்கான வாசிப்புத் தாளில் மூன்று பத்திகள், 40 வினாக்கள், 60 நிமிடங்கள். பத்திகளின் மொத்த அளவு 2150 முதல் 2750 சொற்கள் வரை அமையும். நிமிடத்திற்கு 150 சொற்கள் படிப்பவர் 2750 சொற்களை ஏறத்தாழ 18 நிமிடங்களில் முடிப்பார். விடையளிக்க 42 நிமிடங்கள் எஞ்சும். நிமிடத்திற்கு 100 சொற்கள் படிப்பவருக்கு 32 நிமிடங்களே எஞ்சும். ஒரு வினாவிற்கு ஒரு நிமிடம்கூடக் கிட்டாது. விடைகளைத் தாளில் பெயர்த்தெழுதத் தனிநேரமும் வழங்கப்படுவதில்லை. எனவே வாசிப்பு வேகம் தானாக வளரும் என விட்டுவிடலாகாது.

கூற்று 'சரி', 'தவறு', 'குறிப்பிடப்படவில்லை' என வகைப்படுத்தும் வினாக்களில் சிக்கல் வேகம் சார்ந்ததன்று, தருக்கம் சார்ந்தது. பத்தி கூற்றை மறுத்தால் 'தவறு'. பத்தி அதைப் பற்றி எதுவும் கூறாவிடில் 'குறிப்பிடப்படவில்லை'. 'இம்மருந்து சில நோயாளிகளுக்குப் பயன்படலாம்' எனப் பத்தி கூறுவதாகக் கொள்வோம். 'இம்மருந்து எந்த நோயாளிக்கும் பயன்படாது' என்னும் கூற்று தவறு. 'இம்மருந்து விலை மிகுந்தது' என்னும் கூற்று குறிப்பிடப்படாதது. அது உலகியலில் உண்மையாக இருப்பினும் விடை மாறாது. தாம் முன்பே அறிந்ததைப் பத்தியின் மேல் ஏற்றுவதே இங்கு நேரும் பெரும்பிழை. தமிழில் '-லாம்' என்னும் ஈறு இசைவையும் வாய்ப்பையும் ஒருங்கே உணர்த்துவதால், 'மே', 'மஸ்ட்', 'கேன்' முதலிய துணைவினைகளின் வேறுபாட்டைத் தனியே பயிற்றுதல் நலம்.

ஒருங்கிணைந்த பயிற்சி முறை

ஒரே பத்தியை மூன்று முறை பயன்படுத்துவது பல பத்திகளை ஒருமுறை படிப்பதினும் பயன் தரும். முதன்முறை காலம் வரையறுத்து விடையளித்தல். இரண்டாம் முறை கால வரையறையின்றித் தொடர்களைப் பிரித்துணர்தல். மூன்றாம் முறை சில நாள்கள் கழித்து அதே பத்தியின் கருத்தைத் தம் சொற்களில் ஆங்கிலத்தில் எழுதுதல். இடைவெளி விட்டு மீளக் கற்பதே நினைவில் நிலைக்கும் என்பது 1885இல் எபிங்ஹவுஸ் வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வுகளிலிருந்து தொடர்ந்து உறுதிப்பட்டு வருவதாகும்.

தவறிய ஒவ்வொரு விடையின் அருகிலும் அதன் காரணத்தைச் சொல், தொடர், தருக்கம், காலம் என நான்கில் ஒன்றாகக் குறித்துவரல் வேண்டும். சில வாரங்களில் எந்தக் காரணம் மிகுதி என்பது புலப்படும். தொடரமைப்பால் தவறுபவர் மேலும் சொற்பட்டியலை மனனம் செய்வதால் பயனில்லை. காலத்தால் தவறுபவர் மேலும் இலக்கண விதிகளைக் கற்பதாலும் பயனில்லை.

முடிவுரை

தமிழ்வழிக் கற்றோரின் ஆங்கிலத் தேர்வுக் குறைபாடு அறிவுக் குறைபாடன்று. அவர்கள் வேற்றுமையையும் எச்சத்தையும் பகுபத உறுப்பையும் அறிந்தே வருகின்றனர். அறிவியல் கருத்துகளைத் தமிழ்க் கலைச்சொற்கள் வழியே உணர்ந்தே வருகின்றனர். அவ்வறிவை ஆங்கிலத் தொடரோடு இணைத்துக் காட்டும் பாலமே இல்லாதிருக்கிறது. ஆங்கிலத் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து ஒப்பீட்டு இலக்கணப் பயிற்சியேடுகளை உருவாக்கினால் அக்குறை நீங்கும். தமிழை மறந்துதான் ஆங்கிலம் கற்க வேண்டும் என்னும் எண்ணமும் அதனால் மாறும்.