நூம்பல் பக்கம் காலாற நடக்க இடம் இருக்கா? கூவம் கரை முதல் பருத்திப்பட்டு ஏரி வரை... முழு விவரம்!

சர்க்கரை கொஞ்சம் ஏறினாலும், முட்டி கொஞ்சம் வலித்தாலும் டாக்டர் முதலில் சொல்வது இதைத்தான்: "தினமும் அரை மணி நேரம் நடங்க." சொல்வது ஈஸி. ஆனால், நூம்பலில் குடியிருக்கும் ஒருவர் வீட்டை விட்டு இறங்கினால் எங்கே போய் நடப்பது?

ஒரு பக்கம் போனால் பூந்தமல்லி நெடுஞ்சாலை. இன்னொரு பக்கம் ஐயப்பன்தாங்கல் போகும் வழி. இரண்டிலும் பைக், வேன், தண்ணீர் லாரி. கடைசியில் பலரும் தெருவுக்குள்ளேயே நாலு ரவுண்டு அடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். இத்தனைக்கும் பக்கத்திலேயே ஒரு ஆறு ஓடுகிறது. சுற்றிலும் ஏரிகள் இருக்கின்றன. அங்கே நடக்க முடியுமா? முடியாது என்றால் ஏன்? வாங்க, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எவ்வளவு நடந்தால் போதும்?

பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடற்பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் கொஞ்சம் வேகமாக நடந்தாலே 150 நிமிடம் வந்துவிடும். நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் பேச முடியணும், ஆனால் பாட்டுப் பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம்.

தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஒவ்வொரு மாவட்டத்திலும் 8 கி.மீ. தூரத்துக்கு ஒரு நடைப்பாதையைத் தேர்வு செய்வதுதான் திட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒரு பாதை என்றால், தினமும் பஸ் பிடித்துப் போய் நடக்க முடியுமா? நடைக்கான இடம் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் இருக்க வேண்டும்.

பக்கத்தில் ஓடும் ஆறு எது?

வேறு எது, நம்ம கூவம்தான். கூவம் என்றதும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டாம். சுமார் 72 கி.மீ. நீளமுள்ள இந்த ஆறு, சென்னைக்குள் நுழைவதற்கு முன் திருவள்ளூர் மாவட்டத்து வயல்கள், கிராமங்கள் வழியாக வருகிறது. ஆவடி, பூந்தமல்லிக்கு மேற்கே உள்ள ஜமீன் கொரட்டூர் அணைக்கட்டில் இருந்து இதே கூவத்தின் தண்ணீர்தான் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பிவிடப்படுகிறது. அதாவது, நாம் குடிக்கும் தண்ணீரிலும் கூவத்துக்குப் பங்கு உண்டு.

அங்கிருந்து பருத்திப்பட்டு அணைக்கட்டு, திருவேற்காடு என்று வந்து, வேலப்பன்சாவடிக்கு வடக்கே ஆறு கடந்துபோகிறது. கீழே போகப் போகத்தான் கழிவுநீர் அதிகமாகச் சேர்கிறது.

அப்போ கூவம் கரையில் நடக்கலாமா?

திட்டம் இருக்கிறது. பருத்திப்பட்டு அணைக்கட்டில் தொடங்கி, நேப்பியர் பாலம் அருகே கடலில் சேரும் இடம் வரை சுமார் 32 கி.மீ. தூரத்துக்குக் கூவத்தைச் சீரமைக்கும் திட்டத்தைச் சென்னை நதிகள் சீரமைப்பு அறக்கட்டளை ஒருங்கிணைக்கிறது. குப்பை அகற்றுவது, கழிவுநீரைத் தடுப்பது, கரையில் மரம் நடுவது இவற்றோடு நடைபாதை, பூங்கா அமைப்பதும் அந்தத் திட்டத்தில் உண்டு. நூம்பல் - திருவேற்காடு பகுதியும் இந்த 32 கி.மீ. எல்லைக்குள்தான் வருகிறது.

ஆனால் இன்னிக்கு ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பலாமா என்றால், இரண்டு சிக்கல். முதலாவது, நூம்பல் இருப்பது நெடுஞ்சாலைக்குத் தெற்கே. ஆறு இருப்பது வடக்கே. நடுவில் சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலை. அறுபது வயதைத் தாண்டியவர் அதிகாலை இருட்டில் அந்த ரோட்டைக் கடப்பது நடைப்பயிற்சி இல்லை, ரிஸ்க். இரண்டாவது, ஆற்றங்கரையில் தொடர்ச்சியான பாதை கிடையாது. கொஞ்ச தூரம் மண் வழி வரும், அப்புறம் புதர் வரும், அதற்கப்புறம் யாரோ போட்ட வேலி வரும்.

சரி, நடக்கக்கூடிய கரை எது?

பருத்திப்பட்டு ஏரி: பூந்தமல்லி - ஆவடி சாலையில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆவடி பகுதியின் கழிவுநீர் வந்து சேர்ந்த இடம். சுமார் 87 ஏக்கர் பரப்புள்ள இந்த ஏரியைச் சுமார் 28 கோடி ரூபாய் செலவில் சீரமைத்து, 2019-ல் பசுமைப் பூங்காவாகத் திறந்தார்கள். கரையில் சுமார் 3 கி.மீ. நடைபாதை போட்டிருக்கிறார்கள். நிதானமாக ஒரு சுற்று வந்தால் முக்கால் மணி நேரம் போய்விடும். நீர்க்காகம், நாமக்கோழி, கொக்கு எல்லாம் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

அயனம்பாக்கம் ஏரி: கூவத்துக்கு அந்தப் பக்கம், அம்பத்தூர் போகும் வழியில் இருக்கிறது. சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் 2023-ல் அறிவித்த ஏரிக்கரை மேம்பாட்டுத் திட்டப் பட்டியலில் இதுவும் ஒன்று.

போரூர்: இங்கே 2024-ல் ஈரநிலப் பசுமைப் பூங்கா திறக்கப்பட்டது. நூம்பல்காரர்களுக்கு இதில் ஒரு வசதி, பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடக்காமல் ஐயப்பன்தாங்கல் வழியாகவே போய்விடலாம்.

செம்பரம்பாக்கம்: கரையும் காற்றும் அருமை. ஆனால் இது 24 அடி உயரமும் 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவும் கொண்ட குடிநீர் ஏரி. உபரிநீர் திறக்கும் நாட்களில் வேடிக்கை பார்க்க வருபவர்களைப் போலீசார் தடுப்பது வழக்கம். மழைக்காலத்தில் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது.

காடு எங்கே போச்சு?

நம்ம ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. வெள்வேல மரங்கள் நிறைந்த காடு, திருவேற்காடு. வேதபுரீஸ்வரர் கோயிலின் தல விருட்சமும் வெள்வேல மரம்தான். மாமரங்கள் நிறைந்த காடு, மாங்காடு. பெயர் நின்றுவிட்டது, காடு நிற்கவில்லை.

ஜப்பானில் மரங்களுக்கு நடுவே மெதுவாக நடப்பதை 'வனக் குளியல்' என்கிறார்கள். அந்நாட்டு வனத்துறை 1982-ல் இந்தப் பெயரையே உருவாக்கி மக்களை ஊக்குவித்தது. நமக்கு அப்படி நடக்க நகரத்துக்குள் மிஞ்சியிருப்பது குறைவு. சுமார் 2.7 சதுர கி.மீ. பரப்புள்ள கிண்டி தேசியப் பூங்காவின் உள்காட்டுக்குள் நினைத்த நேரம் போக முடியாது; அதை ஒட்டிய சிறுவர் பூங்காவுக்குப் போகலாம். மேற்குப் புறநகரைப் பொறுத்தவரை வேம்பும் பனையும் புங்கையும் வரிசையாக நிற்கும் ஏரிக்கரைதான் நமக்கு மிச்சமிருக்கும் காடு.

கரை யாருடையது?

இதுதான் முக்கியமான கேள்வி. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வயல், தோப்பு, ஆற்றங்கரை வழியாகச் செல்லும் பொதுப் பாதைகள் சுமார் 2.25 லட்சம் கி.மீ. நீளத்துக்கு இருக்கின்றன. தனியார் நிலத்துக்குள்ளே போனாலும் அந்தப் பாதையில் நடக்க மக்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. அது சும்மா கிடைக்கவில்லை. 1932-ல் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டு நிலத்தில் தடையை மீறி நூற்றுக்கணக்கானோர் நடந்தார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். திறந்தவெளி நிலங்களில் நடக்கும் உரிமையை விரிவாக்கும் சட்டம் 2000-ல்தான் வந்தது.

நம்ம ஊரில் நிலைமை ஒரு வகையில் சுலபம். பெரும்பாலான ஏரியும் ஆறும் அவற்றின் கரையும் அரசு ஆவணங்களில் நீர்நிலைப் புறம்போக்கு. அதாவது தனியாருக்குச் சொந்தமில்லை. ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007-லேயே தமிழகத்தில் தனிச் சட்டம் வந்துவிட்டது. சாலையோர நடைபாதை பற்றி 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொன்னது: தடையில்லாத நடைபாதை என்பது அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி.

ஆக, சட்டத்தில் குறையில்லை. ஆள் நடமாட்டம்தான் குறைவு. யாருமே போகாத கரையில் முதலில் குப்பை விழும். அடுத்து கட்டட இடிபாடு கொட்டப்படும். அதன்மேல் ஒரு ஷெட் முளைக்கும். தினமும் ஐம்பது பேர் நடக்கும் கரையில் இதையெல்லாம் சத்தமில்லாமல் செய்துவிட முடியாது. யாராவது போட்டோ எடுப்பார்கள், யாராவது கேள்வி கேட்பார்கள்.

பூங்கா வந்தால் போதுமா?

போதாது. ஏரியின் முதல் வேலை தண்ணீரைத் தேக்குவது. நடைபாதைக்காகக் கரையை உள்பக்கமாக அகலப்படுத்தினால், அந்த அளவுக்குத் தண்ணீர் நிற்கும் இடம் குறையும். கரை முழுக்க சிமெண்ட் போட்டால் வெயிலில் சூடு ஏறும், முட்டிக்கும் நல்லதில்லை. இறுகிய மண் பாதை, நிழல் தரும் நாட்டு மரங்கள், உட்கார நாலு பெஞ்ச், ஒரு சுத்தமான கழிவறை. பெரும்பாலானோருக்குத் தேவை இவ்வளவுதான். நூம்பல் மாதிரி ஊர்களுக்குக் கூடுதலாக ஒன்று வேண்டும்: நெடுஞ்சாலையைப் பயமில்லாமல் கடக்க ஒரு வழி.

நடக்கப் போறீங்களா? இதைக் கவனிங்க

* காலை 8 மணிக்குள் நடையை முடித்துவிடுங்கள். கத்திரி வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம்.
* கரையோரப் புதரில் பாம்பு இருக்கலாம். பாதையை விட்டு இறங்காதீர்கள். செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள்.
* தெரு நாய் துரத்தினால் ஓட வேண்டாம். நின்று, மெதுவாக விலகுங்கள்.
* அக்டோபர் முதல் டிசம்பர் வரை கனமழை நாட்களில் ஆற்றங்கரைக்கும் தரைப்பாலத்துக்கும் போகவே கூடாது.
* சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் பையில் ஏதாவது இனிப்பு வைத்திருங்கள். மார்பில் இறுக்கம், மூச்சுத் திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு 108-க்கு அழையுங்கள்.
* பூங்காக்களின் நேரமும் கட்டணமும் மாறலாம். போகும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை பருத்திப்பட்டுக்கோ போரூருக்கோ ஒரு நடை போய்ட்டு வாங்க. அப்படியே உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏரிக்கரையையும் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பாதை எங்கே மறிக்கிறது என்று குறித்துக்கொண்டு நகராட்சியில் ஒரு மனு கொடுங்கள். கரை நம்முடையதுதான். நடந்தால்தான் அது நம்மிடம் இருக்கும்.