பாம்பாற்றுக் கரைக் காடும் நரை மலையணிலும்

கேரளத்தின் 44 ஆறுகளுள் 41 மேற்கு நோக்கிப் பாய்கின்றன. கிழக்கு நோக்கிச் செல்வன கபினி, பவானி, பாம்பாறு ஆகிய மூன்றே. இவற்றுள் பவானி பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடி வழியாகவும், பாம்பாறு இடுக்கி மாவட்டத்து மறையூர் வழியாகவும் ஓடுகின்றன. ஆனைமுடி மலைப்பகுதியில் தோன்றும் பாம்பாறு, கூட்டாறு என்னுமிடத்தில் சின்னாற்றுடன் கலந்து, தமிழ்நாட்டின் அமராவதி நீர்த்தேக்கத்தை அடைகிறது.

இவ்வாற்றுப் படுகையில், 90.44 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னாறு வனவிலங்குச் சரணாலயம் 1984-ஆம் ஆண்டு அமைக்கப்பட்டது. தென்மேற்குப் பருவ மேகங்கள் உயர்ந்த சிகரங்களில் மோதி மேற்குச் சரிவிலேயே பெரும்பாலும் பொழிந்துவிடுகின்றன. ஆகவே மழைமறைவில் அமைந்த சின்னாற்றுத் தாழ்நிலம் ஆண்டுக்குச் சுமார் 500 மில்லிமீட்டர் மழையே பெறுகிறது. முட்புதர்கள் மண்டிய இவ்வறண்ட நிலம் நட்சத்திர ஆமைக்கு ஏற்ற உறைவிடமாகும். ஆயின் ஆற்றின் இரு மருங்கிலும், நிலத்தடி ஈரத்தை உறிஞ்சி வளரும் மருது, மா, புங்கு முதலிய மரங்கள் ஒடுங்கிய பசுமைப் பட்டையாக நிற்கின்றன.

இப்பட்டையே நரை மலையணிலின் இருப்பிடம். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே காணப்படும் இவ்வணில், பகலில் இரை தேடும். பெரும்பாலும் தரையில் இறங்குவதில்லை. அண்டை மரங்களின் கிளைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தில் இலைகளையும் சுள்ளிகளையும் கொண்டு கூடு கட்டுகிறது. பகை நெருங்கினால் எப்பக்கமும் தாவித் தப்புவதற்கு இவ்வமைப்பு உதவுகிறது. இந்தியாவில் இதன் பெயராலேயே 1988-இல் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சரணாலயம் ஏற்படுத்தப்பட்டது.

கரையில் ஒரு பெருமரம் வீழ்ந்தால் நிழல் குறைவதோடு தீங்கு நின்றுவிடுவதில்லை. அணிலின் வான்வழியும் அறுபடுகிறது. அப்பொழுது அது தரையில் இறங்க நேரிட்டு, வேட்டை விலங்குகளுக்கு எளிதில் இரையாகலாம். அகன்ற காட்டில் ஓர் இடைவெளியைச் சுற்றிச் செல்ல வேறு வழி உண்டு. ஒடுங்கிய கரைக்காட்டில் அவ்வாறு இல்லை. மேலும், கரை மரங்களின் வேர்கள் மண்ணரிப்பைத் தடுப்பதால், கீழேயுள்ள அமராவதி நீர்த்தேக்கத்தில் வண்டல் சேர்வதும் குறைகிறது.

எனவே களப்பணியாளர் கூடுகளை எண்ணுவதோடு, கிளைத்தொடர் அறுந்த இடங்களையும் குறித்துக்கொள்ளுதல் நலம். ஆசிரியர்கள், ஆற்றங்கரையில் நிற்கும் மரவரிசையின் பயனை மாணவர்க்கு நேரில் காட்டி விளக்கலாம். மரத்திற்கு மரம் உள்ள தொடர்பு காக்கப்படின், அணிலும் ஆறும் ஒருங்கே காக்கப்படும்.