வீரமும் சுங்கமும்

சேலத்திலிருந்து நாமக்கல்லுக்கு வரும் பெருவழி புதுச்சத்திரத்தைத் தொட்டுக்கொண்டு செல்கிறது. முன்பு வாரணாசியையும் கன்னியாகுமரியையும் இணைத்த 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையாக விளங்கி, இப்போது ஸ்ரீநகரில் தொடங்கிக் குமரிமுனையில் முடியும் 44-ஆம் எண் சாலையாகிவிட்ட இந்தப் பாதையில், முட்டை ஏற்றிய லாரிகளும், எரிவாயு டேங்கர்களும், குடும்பங்களைச் சுமந்த கார்களும் இரவென்றும் பகலென்றும் பாராமல் ஓடுகின்றன. நாமக்கல்லைக் கடந்து கரூர் மார்க்கமாகச் செல்வோர் கீரம்பூருக்கு அருகில் ராசம்பாளையம் சுங்கச்சாவடியில் கட்டணம் செலுத்தியே அப்பால் போகவேண்டும். கோவைக்குப் போவோர் வைகுந்தத்திலும் விஜயமங்கலத்திலும், சென்னைக்குப் போவோர் மேட்டுப்பட்டியிலும் நத்தக்கரையிலும் அவ்வாறே செலுத்துகின்றனர். லாரித் தொழிலையே ஜீவனமாகக் கொண்ட இவ்வட்டாரத்து மக்களுக்கு டோல்கேட் கணக்கு வீட்டுக் கணக்கைப் போலவே பரிச்சயமானது. ஆயினும், கட்டணம் செலுத்த வேண்டாதவர் யார் என்று சாவடியில் வைக்கப்பட்டிருக்கும் பலகையை நின்று வாசிப்பவர் மிகச் சிலரே.

வாசித்துப் பார்த்தால் அதில் சிந்தனைக்குரிய விஷயம் ஒன்று புலப்படும். 2008-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதிகளில் 11-ஆவது விதி இந்த விலக்குகளை வகுத்துரைக்கிறது. குடியரசுத் தலைவர், பிரதம மந்திரி, உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி, ஆளுநர்கள், முதலமைச்சர்கள் ஆகியோர் தாம் வகிக்கும் பதவியின் பொருட்டு விலக்குப் பெறுகின்றனர். ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் அமரர் ஊர்தியும் தாம் செய்யும் பணியின் பொருட்டு விலக்குப் பெறுகின்றன. பதவியும் இன்றிப் பணியும் இன்றி, முன்னொரு நாள் செய்த ஒரு செயலின் பொருட்டு மட்டுமே அந்தப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் ஒரே ஒரு வகுப்பார்தாம். பரம்வீர் சக்கரம், அசோக சக்கரம், மகாவீர் சக்கரம், கீர்த்தி சக்கரம், வீர் சக்கரம், சௌரிய சக்கரம் என்னும் ஆறு விருதுகளுள் ஒன்றைப் பெற்றவர்களே அவர்கள். உரிய அதிகாரி சான்றளித்த, புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டையைக் காட்டினால் அவர்களிடம் கட்டணம் கேட்கலாகாது.

இந்த ஆறும் இரண்டு வரிசையைச் சேர்ந்தவை. போர்முனையில் பகைவர் முன்னிலையில் காட்டிய வீரத்துக்காக பரம்வீர், மகாவீர், வீர் சக்கரங்கள் மூன்றும், நாடு குடியரசான 1950-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி நிறுவப்பட்டு, 1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதலே செல்லுபடியாகும் என்று அறிவிக்கப்பட்டன. போர் அல்லாத காலத்துத் துணிவுக்காக 1952-இல் அசோக சக்கரம் மூன்று வகுப்புகளாக நிறுவப்பெற்று, 1967-இல் அசோக, கீர்த்தி, சௌரிய சக்கரங்கள் என்று தனித்தனிப் பெயர் எய்தியது. சேனா பதக்கம் முதலிய மற்ற வீரப் பதக்கங்கள் இந்த விலக்குப் பட்டியலில் இல்லை.

சாவடிகளில் நேரும் வாக்குவாதங்களில் பல இந்த நுட்பம் அறியாமையால் விளைபவை. பதினைந்து இருபது ஆண்டுகளைப் பனியிலும் பாலையிலும் கழித்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர், தம்முடைய முன்னாள் படைவீரர் அட்டையே போதும் என்னும் நம்பிக்கையோடு அதை நீட்டுகிறார், ஊழியர் மறுக்கிறார், பணத்தைக் காட்டிலும் மனத்தில் பட்ட அடியே அவரைச் சினம் கொள்ளச் செய்கிறது. இந்த நம்பிக்கைக்கு வேர் 1901-ஆம் ஆண்டில் ஆங்கிலேய அரசு இயற்றிய இராணுவச் சுங்கச் சட்டம். சாலையிலும் பாலத்திலும் ஓடத்துறையிலும் படையினரிடம் சுங்கம் கேட்கக்கூடாதென்று விதித்த அந்தச் சட்டம், பின்னர் விமானப் படைக்கும் விரிவடைந்து, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது சேனையில் இருப்பவரைப் பற்றியது. ஓய்வு பெற்றவர் அதன் வரம்புக்குள் வருவதில்லை. சுங்க உரிமையாளருக்கு நேரும் நஷ்டத்துக்கு அரசிடம் ஈடு கோர அதே சட்டத்தில் வழி வைத்திருப்பதும் கவனிக்கத்தக்கது; ஒருவருக்கு விலக்களித்தால் அதன் சுமையை வேறொருவர் ஏற்றாகவேண்டும் என்பதை அதை இயற்றியவர்கள் அறிந்திருந்தனர்.

அப்படியானால் முன்னாள் படைவீரர் அனைவருக்குமே விலக்களித்துவிடலாமே என்று கேட்போர் உண்டு. கேட்பவரின் நன்றியுணர்ச்சி போற்றத்தக்கதே. ஆனால் அச்சலுகை யாரைச் சென்றடையும் என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் இருசக்கர வாகனத்துக்குச் சுங்கக் கட்டணம் கிடையாது. சிப்பாயாகவோ ஹவில்தாராகவோ ஓய்வு பெற்று, புதுச்சத்திரத்தைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் காடு பார்த்துக்கொண்டிருப்பவர், மோட்டார் சைக்கிளிலோ அரசுப் பேருந்திலோதான் பெரும்பாலும் பிரயாணம் செய்கிறார். ஆகவே பொதுவிலக்கின் பலன் கார் வைத்திருப்பவருக்கே மிகுதியாகச் சேரும். வசதி குறைந்த வீரருக்கு வேண்டுவன நல்ல சிகிச்சையும், தாமதமில்லாத ஓய்வூதியமும், பிள்ளைகளுக்குக் கல்வி உதவியும், தமக்கு ஒரு மறுவேலையுமே. மறுவேலை என்னும்போது சாவடியையே உதாரணமாகச் சொல்லலாம்: முன்னாள் படைவீரரின் மறுவாழ்வுக்காகப் பாதுகாப்பு அமைச்சகம் நடத்தும் இயக்குநரகம் பரிந்துரைத்த நிறுவனங்களின் மூலம், பல சாவடிகளில் கட்டணம் வசூலிக்கும் பொறுப்பை முன்னாள் படைவீரர்களிடமே நெடுஞ்சாலை ஆணையம் ஒப்படைத்து வந்திருக்கிறது. மேலும், எல்லோருக்கும் கிடைப்பது வெறும் சலுகையாகிவிடும். தனிச் செயலுக்குக் கிடைக்கும்போதுதான் அது கௌரவம் ஆகிறது. எனவே விலக்கு குறுகியதாக இருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அந்தக் குறுகிய வட்டத்துக்குள் இருக்கவேண்டியவர் சிலர் வெளியே நிற்கிறார்களே என்பதுதான் என் குறை.

சுங்கத்தை விலக்குவதும் வீரனைப் போற்றுவதும் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. முதற் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பெயர் பெற்றான். அது குடிகள் அனைவருக்கும் அரசன் இறக்கிவைத்த பாரம். வீரனுக்குரிய மரியாதையோ வேறு விதமாக அமைந்தது. ஆநிரை மீட்டும், ஊர் காத்தும், போரில் பொருதும் மாண்டவர்களுக்கு எடுத்த நடுகற்கள் சேலத்துக்கு வடக்கே தருமபுரிப் பக்கத்திலும் செங்கம் பக்கத்திலும் ஏராளமாக இன்றும் நிற்கின்றன. கல் நட்டதோடு நம் முன்னோர் நின்றுவிடவில்லை. போரில் உயிர் கொடுத்தவனின் குடும்பத்துக்கு நிலம் வழங்கி, அதை உதிரப்பட்டி என்று குறித்த சாசனங்கள் உள்ளன. புகழ் மாண்டவனுக்கு, ஜீவனம் அவனை இழந்தவர்களுக்கு என்று இரண்டையும் சேர்த்தே சிந்தித்த சமுதாயம் அது.

அந்த நீதியை வைத்து நம் காலத்து விதியை அளந்து பார்ப்போம். 1999-இல் கார்கில் போரின்போது பட்டாலிக் முனையில் வீழ்ந்த திருச்சி மேஜர் மாரியப்பன் சரவணனும், 2020 ஜூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் உயிர் துறந்த ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் மறைவுக்குப் பின் வீர் சக்கரம் பெற்றவர்கள். விருது பெற்றவர் தம் அடையாள அட்டையைக் காட்டவேண்டும் என்பது விதியின் வாசகம். காட்டுவதற்கு அவர் இல்லாதபோது விலக்கும் இல்லை. பிழைத்து வந்து விருது பெற்றவருக்குத் திறக்கும் பாதை, மாண்டு விருது பெற்றவரின் மனைவிக்குத் திறப்பதில்லை என்றால், அதிகம் கொடுத்தவருக்குக் குறைவாகத் திருப்பித் தருகிறோம் என்றே பொருள்படும். குடியரசுத் தலைவரின் கையிலிருந்து அந்தப் பதக்கத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை அவ்வம்மையாருக்கு உண்டென்றால், அதனோடு வரும் மரியாதையும் அவருக்கே உரியது.

வெளியே நிற்கும் மற்றொருவர் போரில் காயமுற்றவர். பதக்கம் கிடைப்பதற்குச் செயல் மட்டும் போதாது. அதைக் கண்டவர் வேண்டும், எழுதியனுப்பும் அதிகாரி வேண்டும், தேர்ந்தெடுக்கும் குழு வேண்டும். குண்டு பாய்ந்து கால் இழந்தவருக்கு இவையெல்லாம் வாய்க்காமற் போகலாம். ஆனால் இழந்த கால் இழந்ததுதான். உடல் ஊனமுற்றவருக்கென விசேஷமாக அமைத்த வாகனத்துக்கு இப்போதும் விலக்கு உண்டு; அது ஊனத்தைக் கருதிய இரக்கமேயன்றி, அந்த ஊனம் எதனால் வந்தது என்பதைக் கருதிய மரியாதை அன்று. அமெரிக்காவின் டெக்ஸஸ் மாநிலத்தில், அரசு நடத்தும் சில சுங்கச் சாலைகளில், உயர்ந்த வீரவிருது பெற்றவரோடு போர்க்காயத்துக்கான பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் பெற்றவருக்கும், பணியால் ஊனமுற்ற முன்னாள் வீரருக்கும் கட்டண விலக்கு அளிக்கிறார்கள். நம் நாட்டிலும் போர்க்காயத்துக்கென்று தனி ஓய்வூதியம் இருக்கிறது. அதைப் பெறுவோர் யாரென்பதை இராணுவமே பரிசீலித்து முடிவு செய்திருக்கிறது. அந்த ஓய்வூதிய ஆணையையே ஆதாரமாக ஏற்றால், புதிதாக எந்தச் சோதனையும் வேண்டியதில்லை.

இனி, இருக்கும் உரிமையைப் பெறும் வழியைப் பற்றியும் சொல்லவேண்டும். 2021 பிப்ரவரி முதல் எல்லாத் தேசிய நெடுஞ்சாலைச் சாவடிகளிலும் ஃபாஸ்டாக் வில்லை கட்டாயமாகிவிட்டது. கருவி வில்லையைப் படித்து வங்கிக் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொள்ளுமே தவிர, உள்ளே அமர்ந்திருப்பவரின் பதக்கத்தை அறியாது. ஆதலால் விலக்குக்கு உரியவர்களுக்கென்று கட்டணம் பிடிக்காத தனி ஃபாஸ்டாக்கை நெடுஞ்சாலை ஆணையம் வழங்குகிறது; விருதுச் சான்றையும் வாகனப் பதிவுச் சான்றையும் கொண்டு ஆணையத்திடம் விண்ணப்பிக்கவேண்டும். முதுமையில் கணினி முன் அமர இயலாத வீரர்களுக்காக, மாவட்டந்தோறும் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகமே விண்ணப்பத்தைப் பெற்று ஆணையத்துக்கு அனுப்பி, வில்லையை அவர்கள் கையில் சேர்ப்பிக்க ஏற்பாடு செய்தால், சாவடியில் நின்று தம் வீரத்தை நிரூபிக்கும் சங்கடம் அவர்களுக்கு நேராது. அடிக்கடி மாறிக்கொண்டிருக்கும் சாவடி ஊழியர்களுக்கும் அந்த ஆறு விருதுகளின் பெயர்களையும் அட்டையின் தோற்றத்தையும் பணியேற்கும் முதல் நாளிலேயே கற்பிப்பது ஒப்பந்தக்காரரின் கடமையாக வேண்டும்.

இவற்றால் அரசுக்கு நேரக்கூடிய வருவாய்க் குறைவு மிக அற்பமானது. வீரவிருது பெற்றோரும், மறைந்த வீரர்களின் மனைவியரும், போர்க்காய ஓய்வூதியர்களும் நாட்டின் வாகனப் பெருக்கத்தில் ஒரு துளிக்குக்கூட ஈடாகமாட்டார்கள். 11-ஆவது விதியில் இரண்டு வரிகளைச் சேர்ப்பது மத்திய அரசு ஓர் அறிவிக்கையால் செய்துவிடக்கூடிய காரியம். ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 7-ஆம் தேதி கொடிநாள் நிதிக்குக் காசு போட்டுவிட்டு நன்றி செலுத்திவிட்டதாக எண்ணும் நாம், நம் தொகுதி உறுப்பினர்களிடம் இந்த இரண்டு வரிகளையும் உரிமையோடு கேட்போமாக.